பெட்டியின் கைநாட்டு

எங்கள் வீட்டுப் படலையை யாராவது தட்டினால் நான் உடனே திறக்கமாட்டேன். "ஆரது?" என்று கேட்பேன். "நான்தான்" என்று பதில் வரும். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் நான்தான். "நான்தான் எண்டால் ஆர்?" என்று இன்னொரு தரம் கேட்டு, ஊரும் ஆளும் தெரிந்த பிறகுதான் கொண்டியைக் கழற்றுவேன். உரும்பிராயில் தனியே இருக்கிற எல்லாப் பெண்களும் இப்படியில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களை நம்புகிற வேகம் குறைவு. அந்தக் குறைக்குத்தான் ஒரு கம்பனி எனக்குச் சம்பளம் தருகிறது.

என் வேலையை இங்கே யாருக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்த முடிந்ததில்லை. நோர்வேயின் வடக்குக் கரையில் மீன்பிடிக் கப்பல்கள் இருக்கின்றன. அவற்றில் மீன் போடுகிற குளிரறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி சுவரோடு பொருத்திப் பூட்டியிருக்கும். குளிர் கூடினாலும் குறைந்தாலும் அது கரைக்குச் சொல்லும். அந்தப் பெட்டிக்குக் கோளாறு வந்தால், நான் இங்கே என் மேசையில் இருந்தபடியே அதற்குள் நுழைந்து சரிசெய்வேன். நுழைவதற்குக் கம்பனியே எழுதிய மென்பொருள் ஒன்று இருக்கிறது. நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது குழப்பி மறைத்து அனுப்பும். வழியில் யார் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. பெட்டிக்குள் போன பிறகுதான் அது திரும்பவும் எழுத்தாகும். சொந்தக்காரர்கள் கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று முடித்துவிடுவேன். "வீட்டிலையிருந்தோ? நல்லது, வெயில் படாது" என்பார்கள்.

எழுத்தை மறைப்பது பெரிய விசயமில்லை. மறைத்த எழுத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய விசயம். கப்பலில் இருப்பது எங்கள் பெட்டிதானா, அல்லது எவனாவது நடுவில் உட்கார்ந்துகொண்டு "நான்தான்" என்கிறானா? அதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான ஒரு சரம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும். வாசித்தால் ஒரு அர்த்தமும் வராது. என் கணினி ஒருமுறை பார்த்த பெட்டியின் அடையாளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அது மாறியிருந்தால் திரை முழுக்க எச்சரிக்கை எழுதும். இது வேறு பெட்டியாக இருக்கலாம், நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கலாம், தொடரவா வேண்டாமா என்று கேட்கும்.

பெரும்பாலும் நடுவில் ஒருவனும் இருக்கமாட்டான். உப்புக்காற்றில் பழைய பெட்டி பழுதாகிப் புதியது பூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதை நம்பி ஓம் என்று தட்டுகிறவர்கள் இந்த வேலைக்கு உதவமாட்டார்கள். கம்பனியின் விதி தெளிவானது. பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும். அவர் பெட்டியின் சின்னத் திரையில் தெரிகிற அடையாளத்தை வாசிக்கவேண்டும். என் திரையில் இருப்பதோடு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் நான் உள்ளே போகலாம்.

அப்படித்தான் அண்ணையின் குரல் என் வீட்டுக்குள் வந்தது. அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. வல்வெட்டித்துறை ஆள். இளந்தாரியாக நோர்வேக்குப் போய், மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் நின்று, பிறகு எங்கள் கம்பனியில் சேர்ந்தவர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் ஏறிப் பெட்டி பூட்டுவது அவருடைய வேலை. நான் அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை, படத்திலும் கண்டதில்லை. முதல்நாள் நான் ஆங்கிலத்தில் தொடங்க, அவர் என் பேச்சின் இழுவையைப் பிடித்துவிட்டார்.

"தங்கச்சி எவடம்?" என்றார்.

"உரும்பிராய்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஆங்கிலம் இல்லை. அவர் என்னை நீர் என்பார், நான் அவரை நீங்கள் என்பேன்.

ஆங்கிலம் போனாலும் அடையாளத்தின் எழுத்துகள் போகவில்லையே. அதுதான் கரைச்சல். அவர் கப்பல் தட்டில் நின்று பி என்பார். காற்று அதை டி ஆக்கும், வி ஆக்கும். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று நான் கத்துவேன். அவர் அங்கிருந்து கத்துவார். ஒருநாள் இப்படிக் கத்திக் கத்தியே பின்னேரம் முழுவதும் போய்விட்டது. கடைசியில் ஒரு எழுத்துப் பிழை என்று நான் பெட்டியையே சந்தேகப்பட்டு, கப்பலைப் போகவிடாமல் மறித்து, கப்பல்காரன் கம்பனிக்கு ஏசி, பெரிய அமர்க்களம். பார்த்தால் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு வந்த விசரில், "அண்ணை, இனிமேல் எழுத்தைச் சொல்லாதேங்கோ. ஊர்ப் பேரைச் சொல்லுங்கோ" என்றேன்.

ஊர்ப் பெயரைக் காற்றால் குழப்ப முடியாது. கோப்பாய் என்று ஒருவர் சொன்னால், பாதி கேட்டாலும் அது கோப்பாய்தான். பெரிய எழுத்துக்கு ஊர், சின்ன எழுத்துக்கு மரக்கறி என்று முடிவெடுத்தோம். பெரிய கே என்றால் கோப்பாய், சின்ன கே என்றால் கத்தரிக்காய். பெரிய எம் மருதனார்மடம், சின்ன எம் முருங்கை. என் மருதனார்மடத்தை அவர் மயிலிட்டியாக்கப் பார்த்தார், நான் விடவில்லை. பெரிய வி-க்கு மட்டும் பேச்சே இல்லை, வல்வெட்டித்துறைதான். சரம் ஒன்றில் பெரிய வி வந்துவிட்டால் அவர் குரல் ஒரு படி ஏறும். ஏ-க்கு அடுத்த பி-க்கு எங்கள் பக்கத்தில் ஊர் கிடைக்காமல் பஸ் ஸ்ராண்ட் என்று வைத்தோம். கியூ வந்தபோது இருவரும் யோசிக்கவே இல்லை, பெற்றோல் கியூ. எஃப்-க்கு இன்றுவரைக்கும் ஊர் இல்லை. "எஃப் எழுத்தே இல்லாமல் ஒரு சனம் எவ்வளவு காலம் சீவிச்சிருக்கு, பாரும்" என்று அவர் பெருமையாகச் சொல்ல, நான் ஃபேன் என்று வைத்துவிட்டேன்.

"பெட்டியின்ரை கைநாட்டு வாசிக்கட்டோ?" என்றுதான் தொடங்குவார். அடையாளம் என்கிற சொல் அவர் வாயில் வந்ததில்லை. பிறகு குரலைச் செருமிக்கொண்டு தொடங்குவார். நீர்வேலி, பாவக்காய், ஏழு, இணுவில், தக்காளி, தக்காளி, சுன்னாகம், ஒடியல். காயவைத்த பனங்கிழங்குதானே ஒடியல், அது மரக்கறியா என்று நான் ஒருமுறை சண்டை பிடித்தேன். சின்ன ஓ-வுக்கு வேறு என்ன இருக்கிறது, நீர் சொல்லும் என்றார். எனக்கும் ஒன்றும் வரவில்லை. பனிக்குள் நின்று ஒரு மனிதன் ஒடியல் என்று கத்துவதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற மாலுமிகள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

எனக்கு அது ஒரு மாதிரிப் பழகிப்போனது. காலையில் மருதனார்மடம் சந்தைக்கு ஸ்கூட்டியில் போவேன். மரக்கறிகள் எழுத்துகளாகக் கிடக்கும். வெண்டிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததைப் பார்த்து, மரக்கறிக்காரி ஒருநாள், "அக்கா, விலையைச் சொல்லட்டோ, இல்லாட்டி மந்திரம் முடியட்டோ?" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அந்தச் சிரிப்பு என்னோடு இருந்தது. சிரிப்பதற்கு ஒரு ஆள் அகப்பட்ட நாள்கள் எனக்கு ஞாபகம் இருக்கும்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்லப்போவதில்லை. எனக்குத் தனிமை பிடிக்காது. பிடிக்கும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் ஐந்து அறைக்கு நான் ஒருத்தி. கலியாணம் சரிவரவில்லை, அது வேறு கதை, அதில் சுவையும் இல்லை. தம்பி லண்டனில், தங்கை ரொறன்ரோவில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார்கள். வந்து, அவர்கள் இருவரும் வீட்டுக் கடனைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் தங்களுக்குள் கதைப்பார்கள். நான் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். "அக்கா, உங்களுக்கு அங்கை ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்று முடிவில் கேட்பார்கள். இல்லை என்பேன். கேட்கிற விதத்திலேயே இல்லை என்கிற பதில் இருக்கிறது, பிறகு என்னத்தைச் சொல்ல?

கிழமையில் மிச்ச நாள்களில் என் குரலை நானே கேட்பது குறைவு. மோட்டர் போடுவேன், தண்ணீர் ஏறும், நிறுத்துவேன். மத்தியானச் சாப்பாட்டை நின்றபடி முடிப்பேன். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறவர்கள் தங்களுக்குள் பகிடி விட்டுச் சிரிப்பது மதிலுக்கு மேலால் வரும், எனக்கென்று ஒன்றும் வந்ததில்லை. பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்தால், ஏதாவது ஒரு பெட்டிக்கு எச்சரிக்கை வந்திருக்காதா என்று பார்ப்பேன். வேறு நாட்டில் இதே வேலை செய்கிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையைக் கண்டால் உடனே மேலதிகாரியைக் கூப்பிடத் தோன்றுமாம். எனக்குத் தேத்தண்ணீர் வைக்கத் தோன்றும்.

நாங்கள் அதிகம் கதைத்தோம் என்றும் இல்லை. கைநாட்டு வாசித்து முடிய, மழையோ என்று கேட்பார். நான் மழை என்றால், எந்தப் பக்கத்தால் கறுத்தது என்று கேட்பார். அங்கே பொழுது மூன்று மணிக்கே இருண்டுவிட்டது என்பார். மனைவியை அண்ணி என்றுதான் எனக்குச் சொல்லுவார். அண்ணி நர்ஸ் வேலை, இரவு வேலைக்குப் போனால் பகலில் நித்திரை. பிள்ளைகள் தெற்கே பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் மட்டும், "வீட்டிலை கதைக்க ஆளில்லை தங்கச்சி, பெட்டியளோடைதான் கதை" என்றார். நான் ஓம் என்றேன். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு விசயம் இல்லாமல் ஓர் ஆம்பிளைக்கு அழைப்பெடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் குடும்பக்காரர், நான் தனியாள். வயது என்ன இருந்தாலும், விசயம் ஒன்று வேண்டும். எங்களுக்குக் கைநாட்டு இருந்தது.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் கம்பனியைப் பெரிய கம்பனி ஒன்று வாங்க வந்தது. வாங்குகிறவர்கள் சும்மா வாங்குவார்களா? காணி வாங்க முதல் உறுதிப் பத்திரத்தைத் தோண்டிப் பார்க்கிறது போல, மென்பொருளைத் தோண்டத் தொடங்கினார்கள். இதற்குள் வேறு யாருடைய சொத்தாவது கிடக்கிறதா என்பதுதான் அவர்களுடைய பயம். அந்தப் பயத்தில் ஞாயம் இருந்தது. எங்கள் மென்பொருளின் முதல் வடிவத்தில் எழுத்தைக் குழப்புவதற்குப் பாவித்த கணக்குமுறை ஒன்றுக்கு வேறு ஒருவர் காப்புரிமை வைத்திருந்தார். ஒரு கணக்குக்குச் சொந்தக்காரர் இருக்கலாம் என்று நான் அறிந்ததே அப்போதுதான். அதைப் பிடுங்கி எடுத்து, எல்லாரும் பாவிக்கக்கூடிய பொதுவான முறையை வைப்பதற்குத்தான் என்னை முதலில் வேலைக்கு எடுத்தார்கள். அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னையே வீடியோவில் உட்காரவைத்தார்கள்.

சட்டத்தரணி ஒருத்தி வந்தாள். நல்ல மாதிரி, பொறுமையான பெண். எந்த முறையால் மறைக்கிறீர்கள், அது எங்கிருந்து வந்தது, யார் எழுதினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்காரருக்குச் சந்தோசம். அத்தோடு விட்டிருக்கலாம். பெட்டியின் அடையாளம் மாறினால் எப்படி உறுதிப்படுத்துவீர்கள் என்று கடைசியாகக் கேட்டாள். தொலைபேசியில் வாசிப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஊரையும் மரக்கறியையும் பற்றி முழுவதும் சொன்னேன். பெற்றோல் கியூவைக்கூடச் சொன்னேன். திரையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு பேர் ஒன்றாக என் கதையைக் கேட்டுச் சிரித்து எவ்வளவு காலம்! எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் மின்னஞ்சல் வந்தது. அடையாளச் சரம் ஒன்றைச் சொற்களாக மாற்றிக் குரல்வழி வாசித்து ஒப்பிடுகிற முறை ஒன்றுக்கு எங்கேயோ யாரோ காப்புரிமை எடுத்திருக்கிறார்களாம். எங்களுடைய முறை அதற்குள் விழுமா விழாதா என்று ஆராயவேண்டுமாம். ஆராய்ந்து முடியும்வரை நிறுத்தி வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு காரணமும் இருந்தது. இந்தக் காலத்தில் ஒருவருடைய குரலைக் கணினியால் அப்படியே செய்துவிடலாம். குரலை நம்புவது பாதுகாப்பில்லை.

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி அறைக்குள் நடந்தேன். குசினிக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் சட்டியைக் கழுவினேன். கத்தரிக்காய்க்கும் கோப்பாய்க்கும் காப்புரிமையா? மனிதன் வாய் திறந்த நாளிலிருந்து ஒன்றைக் காட்ட இன்னொன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அதை ஒருவன் தாளில் எழுதிப் பதிந்துவிட்டால் அவனுடையதா? சரி, அதைச் சட்டக்காரர்கள் பார்க்கட்டும். ஆனால் அந்த இரண்டாவது காரணம்தான் என்னைக் குத்தியது. அண்ணையின் குரலைச் செய்யலாமாம். ஒடியலுக்கு முன்னால் அவர் விடுகிற அந்தச் சின்ன இடைவெளியையும் செய்வார்களோ என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

அவருக்குச் சொல்லவேண்டியதும் என் தலையில்தான் விழுந்தது. அதுவும் ஒரு விசயம்தானே, அழைத்தேன். காற்று இரைந்துகொண்டிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கடை ஊர்ப் பேரை நாங்கள் சொல்லுறதுக்கு ஆரிட்டைக் கேக்கோணும்?"

"என்ரை வாயாலைதான் வந்தது, அண்ணை."

"நீர் என்ன பொய்யே சொன்னனீர்? உள்ளதைத்தானே சொன்னனீர்" என்றார். பிறகு, "அப்ப இனி எப்பிடி?" என்று கேட்டார்.

இனி எப்படி என்று விளங்கப்படுத்தினேன். தலைமை அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கும். புதிய பெட்டி ஒவ்வொன்றுக்கும் அது முத்திரை குத்தி அனுப்பும். என் கணினி முத்திரையைப் பார்க்கும், சரியென்றால் உள்ளே விடும். யாரும் வாசிக்கத் தேவையில்லை, யாரும் கேட்கத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் அது நல்ல முறை. பாதுகாப்பும் கூட. நாங்கள் வாசித்ததைவிட நூறு மடங்கு ஒழுங்கு. இந்த வேலை தெரிந்த யாரும் அதில் குறை சொல்லமாட்டார்கள். எனக்கும் சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரிய எரிச்சல்.

"நல்லதுதான்" என்றார் அண்ணை. அவரும் வேறு என்ன சொல்ல?

நானே அந்த முத்திரை முறையை எல்லாப் பெட்டிகளுக்கும் ஏற்றினேன். என் சம்பளம் அதற்குத்தான். கடைசிப் பெட்டி முடிந்த பிறகு எச்சரிக்கை வருவது நின்றுபோனது. கப்பல்கள் வந்தன, பெட்டிகள் மாறின, என் திரை ஒரு சத்தமும் போடாமல் உள்ளே விட்டது. காப்புரிமை ஆராய்ச்சி என்னவாயிற்று என்று இரண்டொரு தடவை எழுதிக் கேட்டேன். இனி அந்த முறை பாவனையில் இல்லாதபடியால் ஆராயத் தேவையில்லை என்று பதில் வந்தது. சந்தையில் கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே கிடந்தது. மரக்கறிக்காரி ஏன் அக்கா முகம் வாடியிருக்கு என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மாரி தொடங்கி, தோட்டமெல்லாம் தண்ணீர் நின்று, தைப்பொங்கலும் போய்விட்டது. பொங்கலுக்காவது ஒரு அழைப்பு எடுக்கலாமோ என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? அண்ணி எடுத்தால் யார் என்று சொல்லுவது? உரும்பிராயில் இருந்து, கம்பனியில், பெட்டிக்கு, என்று நானே சொல்லிப் பார்த்தேன். கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. திரும்ப வைத்துவிட்டேன். அவரும் எடுக்கவில்லை. அவருக்கும் இதே கரைச்சல்தான் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, அவருக்குக் கப்பலும் ஆட்களும் இருக்கிறார்கள், என்னை எதற்கு நினைக்கப்போகிறார் என்று கோபம் வந்தது. கோபம் போனபின் அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம். மூன்று நாளாக யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை என்பது, பூனையைக் கலைக்க வாய் திறந்தபோது குரல் கரகரத்ததில்தான் தெரிந்தது. நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். அண்ணை வழக்கமாக ஏறுகிற கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றது. அதன் பெட்டியை என் கணினி ஞாபகம் வைத்திருக்கிற வரியை எடுத்து அழித்தேன். தலைமை அலுவலகத்து முத்திரையையும் இந்த ஒரு பெட்டிக்குப் பார்க்காதே என்று சொன்னேன். என் கணினியில் மட்டும்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பிறகு அந்தப் பெட்டியைக் கூப்பிட்டேன். திரை திகைத்தது. இந்தப் பெட்டியை எனக்குத் தெரியாது, தொடரவா வேண்டாமா என்று அதன் அடையாளச் சரத்தையும் எழுதிக்கொண்டு நின்றது.

எனக்கு விசயம் கிடைத்துவிட்டது. தேத்தண்ணீர் வைக்கவும் பொறுமையில்லாமல் அழைத்தேன். நெடுநேரம் அடித்து, வைத்துவிடப் போகும்போது எடுத்தார்.

"தங்கச்சியோ?" என்றார். எங்கே எடுத்தாலும் முதலில் கம்பனியின் பெயரைச் சொல்லுகிற மனிதன் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

புதிய முறை ஒரு பெட்டியில் கோளாறு காட்டுகிறது, பழையபடி கைநாட்டை ஒருக்கால் வாசிக்க முடியுமோ என்று, சொல்லிப் பழகி வைத்ததை ஒப்புவித்தேன். எந்தக் கப்பல் என்று கேட்டார். சொன்னேன். "நில்லும், ஏறுறன்" என்றார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். காற்று இல்லை. இரும்புப் படியில் சப்பாத்துச் சத்தம் இல்லை, கடற்காகம் இல்லை. கதிரை ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு பிறஷர் குக்கர் விசில் அடித்தது. யாரோ அதை இறக்கினார்கள். துறைமுகத்தில் குக்கர் வைத்துப் பருப்பு அவிக்கிற கப்பல் எதுவும் எனக்குத் தெரியாது.

"காத்து இல்லைப் போலை" என்றேன்.

"இண்டைக்குக் கடல் அமைதி" என்றார். குரலைச் செருமினார். "வாசிக்கட்டோ?"

"வாசியுங்கோ."

"உரும்பிராய்" என்றார். "கோப்பாய். நீர்வேலி. சிறுப்பிட்டி. புத்தூர்."

என் திரையில் இருந்த சரத்தில் முதல் எழுத்தே சின்ன எழுத்து. இரண்டாவது ஒன்பது. நான் மறிக்கவில்லை.

"ஆவரங்கால். அச்சுவேலி. தொண்டைமானாறு."

ஒரு மரக்கறி இல்லை, ஒரு இலக்கம் இல்லை. ஒரு பெட்டியின் கைநாட்டு இப்படி ஒழுங்காக வராது. இது எங்கள் வீட்டடியில் இருந்து அவருடைய ஊருக்குப் போகிற வழி. எந்த ஊருக்குப் பின் எந்த ஊர் என்று பிசகாமல், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கொஞ்சம் நிறுத்தி, அந்த மனிதன் தன் குசினிக் கதிரையில் இருந்தபடி போய்க்கொண்டிருந்தார். கைநாட்டு வாசிக்கத் தேவையில்லை என்றால், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவும் ஆள் தேவையில்லை. கப்பல்காரனே பூட்டிவிடுவான். எனக்கு இது ஏன் அவ்வளவு காலமும் புத்தியில் படவில்லை? அவரை எப்போது வேலையால் நிறுத்தினார்களோ தெரியாது. அந்த முத்திரையை ஏற்றியது நான்தான்.

"வல்வெட்டித்துறை" என்று முடித்தார். குரல் பழையபடி ஒரு படி ஏறியது.

வேலை விதிப்படி, வாசித்தது பொருந்தாவிட்டால் அழைப்பை உடனே துண்டிக்கவேண்டும். மறுபக்கத்தில் இருக்கிற ஆள், தான் சொல்லுகிற ஆள் இல்லை என்று முடிவெடுக்கவேண்டும். என் வாழ்க்கையில் ஒரு ஆளை அவ்வளவு நிச்சயமாக நான் அறிந்தது இல்லை.

"பொருந்துது அண்ணை" என்றேன்.

அந்தப் பக்கம் கதிரை இன்னொரு தரம் இழுபட்டது. தான் வாசித்தது பொருந்தாது என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும்.

"பொருந்துதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை. எல்லாம் பொருந்துது."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, பழைய வேலைக்காரரின் குரலில் சொன்னார். "அப்ப வாற கிழமையும் ஒருக்கா வாசிச்சுப் பாப்பம் தங்கச்சி. உந்தப் பெட்டியளை நம்பேலாது."

ஓம் என்றேன். அங்கே மழையோ என்று கேட்டார். இல்லை, நல்ல வெயில், பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். திரை இன்னும் தொடரவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று தட்டிவிட்டு, கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.